ஐந்து சென்ட்டுக்கு இரண்டு டம்ளர்

என் அலமாரியில் பழைய புத்தகங்களுக்கு நடுவே ஒரு பச்சைக் கண்ணாடித் தட்டு சாய்ந்து நிற்கிறது. எட்டு அங்குலம் இருக்கும். விளிம்பைச் சுற்றித் தோரணமும் ரிப்பன் முடிச்சும், அவற்றுக்கு நடுவே முந்தானை மாதிரி துணியை வீசி ஆடும் குட்டிக் குட்டிப் பெண்களும். வீடியோ காலில் பார்க்கிறவர்கள், "அது என்ன, பாட்டி காலத்துத் தட்டா?" என்று கேட்பார்கள். பாட்டி காலத்துத் தட்டுதான். ஆனால் நம் பாட்டி இல்லை, அமெரிக்கப் பாட்டி.

2009-ல் ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் ஒரு புராஜெக்ட்டில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் ரூம்மேட்டும் வேறு வேலையில்லாமல் ஒரு பழம்பொருள் கடைக்குள் நுழைந்தோம். இந்தத் தட்டை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த நண்பன், நடுவில் முடி மாதிரி ஓடிய ஒரு மெல்லிய கோட்டைக் கண்டுபிடித்துவிட்டான். "விரிசல் விட்டிருக்கு, விலையைக் குறைங்க" என்று பேரத்தைத் தொடங்கினான்.

கடைக்கார அம்மாளுக்கு எழுபது வயது இருக்கும். சிரித்துவிட்டு, "நகத்தால் தடவிப் பாருங்கள்" என்றார். தடவினோம். நகம் எங்கேயும் தட்டவில்லை. "அது விரிசல் இல்லை. பிறக்கும்போதே வந்த தழும்பு. கத்தரிக்கோல் பட்ட இடம்" என்றார்.

கண்ணாடித் தட்டுக்கு எதற்குக் கத்தரிக்கோல்? அந்தக் கேள்விதான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தது. பதினைந்து வருடமாக இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். பத்து முப்பது சாமான் சேர்ந்திருக்கிறது. ஆனால் சேர்த்த சாமானைவிடச் சேர்ந்த கதைதான் பெரிது. அதில் ஒரு கதை என்னையே கொஞ்சம் சுட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டிப்ரெஷன் கிளாஸ் என்றால் என்ன?

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. அதன் பின் வந்த பத்து வருடத்தைப் பெருமந்தம் என்கிறோம். 1933 வாக்கில் அமெரிக்காவில் வேலை செய்யக்கூடிய நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. ஏறக்குறைய அதே காலத்தில், 1920-களின் இறுதியிலிருந்து 1940 வரை, இயந்திரத்தில் அச்சடித்து மிக மலிவாக விற்ற வண்ணக் கண்ணாடிச் சாமான்களுக்குத்தான் பிற்பாடு டிப்ரெஷன் கிளாஸ் என்று பெயர் வந்தது. தட்டு, கப், சாஸர், சர்க்கரைக் கிண்ணம், வெண்ணெய் டப்பா, ஜாடி, டம்ளர் என்று ஒரு சாப்பாட்டு மேசைக்கு வேண்டியதெல்லாம் உண்டு. நிறங்களில் இளஞ்சிவப்பும் பச்சையும் தேன் நிறமும்தான் அதிகம். மஞ்சள், கோபால்ட் நீலம், சிவப்பு, நிறமில்லாத வெள்ளை எல்லாம் உண்டு.

செய்த கம்பெனிகள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. ஓஹையோவின் லான்காஸ்டரில் ஹாக்கிங், கொலம்பஸில் ஃபெடரல், பென்சில்வேனியாவின் ஜீனெட் ஊரில் அதே பெயரில் ஜீனெட், அதே மாநிலத்தின் சார்லராயில் மெக்பெத்-எவன்ஸ், மேற்கு வர்ஜீனியாவின் வீலிங்கில் ஹேஸல்-அட்லஸ், இந்தியானாவின் டன்கர்க்கில் இந்தியானா கிளாஸ். வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே பக்கமாகக் குவியும். காரணம் எளிது. கண்ணாடி செய்ய நல்ல மணலும் நிறைய எரிபொருளும் வேண்டும். 19-ம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் இயற்கை எரிவாயு கிடைத்தது. நிலக்கரிக்கும் பஞ்சமில்லை. சரக்கு ஏற்றிப்போக ரயிலும் இருந்தது. கண்ணாடிக் கம்பெனிகள் அடுப்பைத் தேடி இங்கே வந்தன.

நிமிஷத்துக்கு ஒன்று, நிமிஷத்துக்குத் தொண்ணூறு

இப்போது கத்தரிக்கோல் விஷயத்துக்கு வருவோம்.

அச்சில் கண்ணாடியை அழுத்திச் செய்வது அமெரிக்காவில் 1820-களிலேயே வந்துவிட்டது. ஆனால் அது கைவேலை. ஒருவர் உலைக்குள் இரும்புக் கம்பியை விட்டு, உருகிய கண்ணாடியைத் தேன் எடுப்பது போலச் சுற்றி எடுப்பார். அதை இரும்பு அச்சின் மேல் பிடிப்பார். இன்னொருவர் எவ்வளவு விழ வேண்டும் என்று கண் கணக்கில் பார்த்து, கத்தரிக்கோலால் வெட்டுவார். பிறகு நெம்புகோலை இழுத்து அழுத்துவார். சூடான சாமானைத் தூக்கிக்கொண்டு ஆறவைக்கும் அடுப்புக்கு ஓடுவது சின்னப் பையன்களின் வேலை. லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் 1908-ல் இந்தியானாவிலும் மேற்கு வர்ஜீனியாவிலும் எடுத்த படங்கள் இன்றும் இணையத்தில் கிடைக்கின்றன. நடுராத்திரி ஷிப்ட்டில், முகத்தில் கரியோடு, கண்ணாடித் தொழிற்சாலையில் நிற்கும் சிறுவர்கள். ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

இந்தக் கூட்டு வேலையில் ஒவ்வொரு ஆளாக எடுத்துவிட்டு அந்த இடத்தில் இயந்திரத்தை வைத்ததுதான் டிப்ரெஷன் கிளாஸின் உண்மையான கதை. ஹாக்கிங் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 1905-ல் ஐசக் காலின்ஸ் என்பவர் லான்காஸ்டரில் தொடங்கியது. கரித்தொழிற்சாலையாக இருந்த இடத்தை வாங்கித் தொடங்கியதால் எங்கும் கரித்தூள். ஊரில் அந்த ஆலைக்குக் 'கறுப்புப் பூனை' என்றே பெயர். 1924-ல் தீப்பிடித்து ஆலை எரிந்துபோனது. அதே இடத்தில் கண்ணாடிக்கென்றே புது ஆலை கட்டினார்கள். பிறகு கைமுறையில் நிமிஷத்துக்கு ஒன்று என்று வந்துகொண்டிருந்த சாமானை, இயந்திரத்தில் நிமிஷத்துக்கு முப்பதுக்கு மேல் கொண்டுவந்தார்கள். மந்தம் வந்து எல்லாரும் படுத்துக்கொண்ட நேரத்தில் இவர்கள் பதினைந்து அச்சு கொண்ட இயந்திரத்தை ஓட்டினார்கள். நிமிஷத்துக்குத் தொண்ணூறு.

எட்டு மணி நேர ஷிப்ட் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிஷத்துக்கு ஒன்று என்றால் 480. தொண்ணூறு என்றால் 43,200. ஐந்து சென்ட்டுக்கு இரண்டு டம்ளர் என்று ஹாக்கிங் விற்க முடிந்ததன் ரகசியம் இந்தப் பெருக்கல்தான். கம்பெனி மந்தத்தைத் தாண்டியது. 1937-ல் ஆங்கர் கேப் என்ற மூடி செய்யும் கம்பெனியோடு இணைந்து ஆங்கர் ஹாக்கிங் ஆனது.

இயந்திரம் வந்தாலும் கத்தரிக்கோல் போகவில்லை. உலையிலிருந்து ஒரு துவாரம் வழியாகக் கண்ணாடிக் குழம்பு இறங்கும். சரியான எடை வந்ததும் இயந்திரக் கத்தரி அதை வெட்டும். வெட்டுப்பட்ட துண்டுக்கு 'காப்' என்று பெயர். இட்லி மாவு கரண்டியிலிருந்து விழுவது போல அது அச்சில் விழும், மேலிருந்து உலக்கை போன்ற ஒன்று இறங்கி அழுத்தும். கத்தரியின் இரும்பு பட்ட இடம் மட்டும் மற்ற இடத்தைவிட ஒரு கணம் முன்னால் குளிர்ந்துவிடுகிறது. அந்த இடம் முழுதாகக் கலக்காமல் கோடாக நின்றுவிடும். சேகரிக்கிறவர்கள் இதை 'ஸ்ட்ரா மார்க்' என்பார்கள், வைக்கோல் ஒட்டியது போலத் தெரிவதால். என் தட்டில் இருப்பது அதுதான்.

பூவேலை எதற்கு?

பல வருடம் நான் நினைத்துக்கொண்டிருந்தது இதுதான்: கஷ்ட காலத்தில் மக்கள் மனது குளிரட்டும் என்று பூவும் கொடியும் போட்டிருப்பார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி சுத்தமான இஞ்சினியரிங்.

நிமிஷத்துக்குத் தொண்ணூறு செய்யும்போது குறை வரத்தான் செய்யும். காற்றுக் குமிழி, கத்தரித் தழும்பு, அச்சின் இரண்டு பாகம் சேரும் இடத்தில் தையல் மாதிரி ஒரு கோடு. வெறும் தட்டையான கண்ணாடியில் இதெல்லாம் பளிச்சென்று தெரியும். பரப்பு முழுவதும் கொடியோ சரிகையோ ஓடினால் கண் அதிலேயே நின்றுவிடும், குமிழியைத் தேடாது. நிறமும் அப்படித்தான். மலிவான மணலில் இரும்பு கலந்திருக்கும். அது கண்ணாடிக்கு ஒரு மங்கல் பச்சையைக் கொடுக்கும். அதை நீக்கி நிறமற்றதாக ஆக்கச் செலவாகும். பேசாமல் பச்சையாகவோ தேன் நிறமாகவோ செய்துவிட்டால் அழுக்கு அலங்காரம் ஆகிவிடுகிறது. எங்கள் தொழிலில் 'பக் இல்லை, ஃபீச்சர்' என்று ஒரு கிண்டல் உண்டு. அதை முப்பதுகளிலேயே செய்துவிட்டார்கள்.

அந்தப் பூவேலையை எப்படிப் போட்டார்கள் என்பது இன்னும் சுவாரசியம். அதே காலத்தில் கையால் செய்த உயர்ந்த ரகக் கண்ணாடியும் இருந்தது. நியூவார்க்கில் ஹைஸி, கேம்பிரிட்ஜில் கேம்பிரிட்ஜ் கிளாஸ் (இரண்டும் ஓஹையோ ஊர்கள்தான்), மேற்கு வர்ஜீனியாவில் ஃபாஸ்டோரியா. அங்கே ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாக வேலை நடக்கும். மெழுகு கலந்த மையில் படத்தை மெல்லிய தாளில் எடுத்து, கண்ணாடியில் ஒட்டி, மற்ற இடத்தை மெழுகால் மூடி, அமிலத்தில் முக்குவார்கள். அமிலம் தின்ற இடம் படமாகப் பள்ளம் விழும். தட்டுக்குத் தட்டு இவ்வளவு கைவேலை.

மலிவுக் கம்பெனிகள் அந்த அமிலத்தைக் கண்ணாடி மேல் விடாமல் இரும்பு அச்சின் மேல் விட்டன. அச்சில் ஒரே ஒரு தடவை படத்தைச் செதுக்கிவிட்டால் போதும். அதிலிருந்து வரும் ஒவ்வொரு தட்டும் படத்தோடேயே பிறக்கும். அச்சில் பள்ளம் என்பதால் கண்ணாடியில் கோடு மேடாக இருக்கும். விரலால் தடவினால் தெரிந்துவிடும்: உயர்ந்த ரகத்தில் பள்ளம், மலிவு ரகத்தில் மேடு. ஒருமுறை எழுதி வைத்து லட்சம் தடவை ஓட்டுவது என்றால் சாஃப்ட்வேர்க்காரனுக்குப் புரியாதா?

என் தட்டில் ஆடும் பெண்ணின் கதையும் இதுதான். அந்த டிசைனுக்கு 'கேமியோ' என்று பெயர், ஹாக்கிங் 1930-லிருந்து 1934 வரை செய்தது. மேற்கு வர்ஜீனியாவில் மொனாங்கா என்று ஒரு கம்பெனி, அமில வேலையில் 'ஸ்பிரிங்டைம்' என்ற டிசைனைச் செய்துகொண்டிருந்தது. அந்தக் கம்பெனியை ஹாக்கிங் வாங்கியது. ஸ்பிரிங்டைமின் ஆடும் பெண்தான் கேமியோவில் மறுபடி வந்தாள் என்கின்றன சேகரிப்பாளர்களின் நூல்கள். பணக்கார வீட்டு மேசையில் பள்ளமாக இருந்தவள், ஏழை வீட்டு மேசையில் மேடாக ஆடினாள்.

ஓட்ஸ் டப்பாவுக்குள் ஒரு கப்

இந்தச் சாமான்கள் வீட்டுக்கு வந்த வழி நமக்கு அந்நியமே இல்லை. காபித்தூளோடு ஸ்பூன், சோப்புத்தூளோடு பக்கெட் என்று வாங்கி வளர்ந்தவர்கள்தானே நாம்.

உல்வொர்த் போன்ற ஐந்து சென்ட், பத்து சென்ட் கடைகளில் காசு கொடுத்து வாங்கியவர்கள் உண்டு. ஆனால் நிறையச் சாமான் இலவசமாகவே போனது. குவேக்கர் ஓட்ஸ் டப்பாவுக்குள் ஒரு கப்போ சாஸரோ இருக்கும். ஜெனரல் மில்ஸ் கம்பெனி தன் காலை உணவோடு, குழந்தை நட்சத்திரம் ஷிர்லி டெம்பிள் படம் போட்ட நீலக் கண்ணாடிக் கிண்ணமும் மக்கும் கொடுத்தது. அவற்றைச் செய்தது ஹேஸல்-அட்லஸ்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது சினிமாக் கொட்டகைகளின் 'டிஷ் நைட்'. மந்தத்தில் தியேட்டர்களுக்குக் கூட்டம் குறைந்தது. வாரத்தின் நடுவில், கூட்டம் வராத ஒரு ராத்திரியைப் பார்த்து, டிக்கெட் வாங்கும் பெண்களுக்கு ஒரு தட்டோ கப்போ இலவசம் என்று அறிவித்தார்கள். பீங்கான்தான் அதிகம், கண்ணாடியும் உண்டு. சூட்சுமம் என்னவென்றால், ஒரு வாரத்துக்கு ஒரு சாமான்தான். இந்த வாரம் கப், அடுத்த வாரம் சாஸர். செட் சேர வேண்டுமானால் ஒரு வாரம் விடாமல் வர வேண்டும். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது மடியிலிருந்து தட்டு நழுவி இருட்டில் 'சிலீர்' என்று உடையும் சத்தம், அந்தத் தலைமுறையின் நினைவுகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

சில பச்சைச் சாமான்களை யுவி விளக்கில் காட்டினால் கிளிப்பச்சையாக ஒளிரும். நிறத்துக்காகக் கொஞ்சம் யுரேனியம் சேர்த்திருப்பார்கள். அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டாம் உலகப்போரில் யுரேனியத்துக்கு வேறு 'வேலை' வந்ததும், கண்ணாடிக்காரர்களுக்கு அது கிடைப்பது நின்றது.

கையெழுத்துப் போட்ட தலைவர்

இனி, ஆரம்பத்தில் சொன்ன அந்தச் சுட்ட கதை.

கண்ணாடிக் குழம்பை அளந்து வெட்டி அச்சில் போடும் கருவி இருக்கிறதே, அதைக் கையில் வைத்திருப்பவன்தான் இந்தத் தொழிலுக்கே ராஜா. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்ட்-எம்பயர் கம்பெனிக்கு இது தெரியும். அவர்கள் கண்ணாடி விற்கவில்லை. இயந்திரக் காப்புரிமைகளைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றவர்களிடம் கட்டணம் வாங்குவதுதான் தொழில். 1926-ல் இந்தக் 'காப்' ஊட்டும் முறைக்கு அவர்கள் கேட்ட காப்புரிமை அலுவலகத்தில் சிக்கிக்கொண்டது.

அப்போது ஹார்ட்ஃபர்ட்டின் அதிகாரிகளும் வக்கீல்களும் உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்த இயந்திரம் எவ்வளவு பெரிய முன்னேற்றம், கைத்தொழிலாளிகளின் இடத்தை இது எப்படிப் பிடித்தது என்று. ஆனால் தங்கள் பெயரில் போட்டால் யார் நம்புவார்கள்? கண்ணாடித் தொழிலாளர் சங்கத்தின் தேசியத் தலைவர் வில்லியம் கிளார்க்கிடம் கையெழுத்து வாங்கி, 'நேஷனல் கிளாஸ் பட்ஜெட்' என்ற தொழில் பத்திரிகையில் 1926 ஜூலையில் வெளியிட்டார்கள். இயந்திரத்தால் வேலை போகப்போகிறவர்களின் தலைவரே இயந்திரத்தைப் புகழ்கிறார் என்றால் அதைவிடச் சாட்சி உண்டா? அந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டுபோய்க் காப்புரிமை அலுவலகத்தில் ஆதாரமாகக் கொடுத்தார்கள். 1928 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது.

அதே வருடம் ஹேஸல்-அட்லஸ் மேல் வழக்கு. கீழ்க் கோர்ட்டில் ஹார்ட்ஃபர்ட் தோற்றது. 1932-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கட்டுரையிலிருந்தே பத்தி பத்தியாக மேற்கோள் காட்டி, காப்புரிமை செல்லும் என்றது. ஹேஸல்-அட்லஸுக்குச் சந்தேகம் இருந்தது. கிளார்க்கை விசாரிக்க ஆள் அனுப்பினார்கள். ஆனால் அதற்கு முன்பே ஹார்ட்ஃபர்ட் ஆட்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கட்டுரை தன்னுடையதுதான் என்று கிளார்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கடைசியில் பத்து லட்சம் டாலர் கட்டி, உரிமக் கட்டணத்துக்கும் ஒப்புக்கொண்டு, ஹேஸல்-அட்லஸ் சமாதானமாகப் போனது. கிளார்க்குப் பிறகு ஹார்ட்ஃபர்ட் கொடுத்தது 8,000 டாலர்.

1941-ல் ஹார்ட்ஃபர்ட் மேல் அரசு நடத்திய ஏகபோக வழக்கில் பழைய ஆவணங்கள் வெளியே வந்தபோதுதான் முழு உண்மையும் தெரிந்தது. 1944-ல் உச்ச நீதிமன்றம், நீதிபதி ஹ்யூகோ பிளாக் எழுதிய தீர்ப்பில், இது கோர்ட்டையே ஏமாற்றிய மோசடி என்று சொல்லி 1932-ன் தீர்ப்பை ரத்துசெய்ய உத்தரவிட்டது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

நானும் ஒரு ராத்திரி இந்தத் தீர்ப்பைப் படித்தேன். ஹேஸல்-அட்லஸ் செய்த 'ராயல் லேஸ்' நீலத் தட்டைப் பற்றித் தேடப்போய் இதில் வந்து மாட்டினேன். படித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

2009 தொடக்கத்தில், கொலம்பஸில் எங்கள் புராஜெக்ட்டில் ஒரு ஆட்டோமேஷன் டூல் வாங்குவதா என்று பேச்சு வந்தது. மதிப்பீட்டு ரிப்போர்ட் எழுதும் பொறுப்பு எனக்கு. டூல் விற்ற கம்பெனியே ஒரு டிராஃப்ட் அனுப்பியது. மேனேஜர், "நேரமில்லை, இதையே கொஞ்சம் தட்டிக்கொட்டிப் போட்டுடு" என்றார். பொய் ஒன்றும் இல்லை. டூல் நல்ல டூல்தான். நானும் நாலு வரி மாற்றி, என் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன். 'டெக்னிக்கல் டீமின் சுதந்திரமான மதிப்பீடு' என்று மேலே யாரோ ஒரு தலைப்பும் வைத்தார்கள். அந்தக் கோடையில் டெஸ்டிங் டீமில் ஆறு பேருக்குக் கான்ட்ராக்ட் நீட்டிக்கப்படவில்லை. அதில் ஒருவன் என் ரூம்மேட்.

அவன் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம்தான் அந்தப் பழம்பொருள் கடைக்குப் போனோம். ஆறு டாலர் கொடுத்து அந்தத் தட்டை வாங்கியது நான் இல்லை, அவன். காரில் வரும்போது சொன்னான், "ரிப்போர்ட்ல உன் பேருதான் இருந்துச்சாமே?" கோபமெல்லாம் இல்லை. "டிராஃப்ட் அவங்க குடுத்ததுடா" என்றேன். "சரி விடு" என்று சொல்லிவிட்டு ரேடியோவைப் போட்டான். கிளம்புகிற அன்று ரைஸ் குக்கரையும் இந்தத் தட்டையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனான். பெட்டியில் வைத்தால் உடைந்துவிடும் என்றான்.

கிளார்க்கை நான் வில்லனாகப் பார்க்க நினைத்தேன். முடியவில்லை. கட்டுரையில் சொன்னதில் பெரும்பகுதி நடக்கத்தான் செய்தது. இயந்திரம் வந்தது. ஹைன் எடுத்த படத்தில் இருந்தாற்போல் ராத்திரி ஷிப்ட்டில் சூடு சுமந்த பையன்கள் தேவையில்லாமல் போனார்கள். ஐந்து சென்ட்டுக்கு இரண்டு டம்ளர் கிடைத்தது. தப்பு இயந்திரத்தில் இல்லை. யார் சொல்கிறார்கள் என்பதை மறைத்ததில்தான் தப்பு. தையல் கோட்டின் மேல் பூக்கொடி ஓட்டுவது தட்டில் அழகு. அறிக்கையில் அப்படிச் செய்ய முடியாது.

எண்ணுக்குப் பெயர் வைத்தவர்கள்

1940-க்குப் பிறகு இந்தச் சாமான்களை யாரும் மதிக்கவில்லை. அலமாரியின் பின்வரிசைக்குப் போயின, பிறகு பழைய சாமான் விற்பனைக்கு வந்தன. இவற்றை வரலாற்றுப் பொருளாக்கியது பல்கலைக்கழகமோ அருங்காட்சியகமோ இல்லை. நம்மைப் போல வேறு வேலைக்கு நடுவே தேடியவர்கள்தான். மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹேஸல் மேரி வெதர்மேன் பழைய காட்டலாக்குகளையும் தொழில் பத்திரிகைகளையும் தோண்டி, எந்த டிசைனை எந்தக் கம்பெனி செய்தது என்று அடையாளம் கண்டு, 1970-ல் ஒரு நூல் வெளியிட்டார். 1974-ல் இரண்டாம் பாகம். கென்டக்கியில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜீன் ஃப்ளாரன்ஸ் 1972-ல் தொடங்கிய விலைக் கையேடு பல பதிப்புகள் கண்டது.

பல டிசைன்களுக்குப் பெயரே கிடையாது, வெறும் எண்தான். இந்தியானா கிளாஸின் 601-ஐ 'அவகாடோ' என்றும் 610-ஐ 'பிரமிட்' என்றும் 612-ஐ 'ஹார்ஸ் ஷூ' என்றும் ஆக்கியவர்கள் சேகரிப்பாளர்கள். பெயர் வந்தது, பட்டியல் வந்தது, பின்னாலேயே விலையும் ஏறியது. விலை ஏறியதும் போலியும் வந்தது. ஃபெடரல் கம்பெனி 1976-ல் தன் 'மாட்ரிட்' டிசைனை மறுபடி அச்சடித்தபோது நாணயமாக டிசைனுக்குள்ளேயே பொடியாக '76' என்று பொறித்தது. சில வருடத்தில் அந்தக் கம்பெனி மூடிவிட்டது. அச்சுகளை வாங்கிய இந்தியானா கிளாஸ் அந்த எண்ணை எடுத்துவிட்டு அச்சடித்தது. இன்று மாட்ரிட் வாங்கப்போகிறவர்கள் இரண்டு தடவை பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பிறகு இணைய ஏலம் வந்தது. 'அபூர்வம்' என்று ஒவ்வொரு ஊரிலும் பொத்திவைத்த தட்டுகள் ஒரே திரையில் வரிசையாக வந்து நின்றபோது, சாதாரண ரகங்களின் விலை இறங்கியது. நிமிஷத்துக்குத் தொண்ணூறு செய்த சாமான் அவ்வளவு சீக்கிரம் அபூர்வமாகிவிடுமா என்ன?

நீங்கள் வாங்க நினைத்தால் ஒரே ஒரு யோசனை. குறையே இல்லாத சாமானைத் தேடாதீர்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். ஒரு குமிழி, ஒரு தையல் கோடு, நகத்தில் தட்டாத ஒரு கத்தரித் தழும்பு இருக்கிறதா பாருங்கள். அவை மட்டுமே அசல் என்று நிரூபித்துவிடாது, புதிதாக அச்சடித்ததிலும் அவை வரலாம். ஆனால் அந்தச் சாமான் எப்படிப் பிறந்தது என்பதை உங்களுக்குச் சொல்வது பூவேலை இல்லை, அவைதான்.

கிளார்க் கதையை நண்பனுக்குப் போன மாதம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவன் இப்போது கோயம்புத்தூரில் சொந்தமாக ஒரு சின்னக் கம்பெனி நடத்துகிறான், நன்றாக இருக்கிறான். முழுசாகப் படித்துவிட்டு ஒரே வரியில் பதில் போட்டான்: "அந்தாளு எட்டாயிரம் டாலர் வாங்கியிருக்கான். நீ எவ்ளோடா வாங்குன?"

"ஒரு அப்ரிசியேஷன் மெயில்" என்று அனுப்பினேன்.

சிரிப்புப் பொம்மை ஒன்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "தட்டு உடையாம இருக்கா?" என்று கேட்டான். போட்டோ எடுத்து அனுப்பினேன், தழும்பு தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் பிடித்து.